பற்றும் இரவலும்

பைத்தான் மொழியில் ஒரு பட்டியலை உருவாக்க இரண்டு சதுர அடைப்புக்குறிகள் போதும். உள்ளே சொற்களைப் போடலாம், எண்களைப் போடலாம், இன்னொரு பட்டியலையே போடலாம். எடுத்தவற்றை எப்போது திருப்பி வைப்பது, யாருடையதை யார் அழிப்பது என்ற கவலை எதுவும் எழுதுகிறவனுக்கு இல்லை. விருந்துக்கு வந்தவன் இலையை எடுக்கக் கூடாது என்பதுபோல, அந்த மொழி நம்மை எந்த வேலையும் செய்ய விடுவதில்லை. கீதோ வான் ரோஸம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமின் கணித ஆய்வு மையம் ஒன்றில் இம்மொழியை உருவாக்கத் தொடங்கி, 1991 பிப்ரவரியில் முதற்பதிப்பை வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த உபசாரத்தின் அடுக்களை, பெரும்பாலானோர் பயன்படுத்தும் வடிவத்தில், சி மொழியில்தான் இருக்கிறது. இலையைத் தானே எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் அங்கே போகலாம். போனவர்கள் அங்கே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் காண்பார்கள்.

அந்தக் கணக்குப்பிள்ளையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இலக்கிய நண்பர்கள் படிக்கும் பக்கத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். எனக்கு இந்த விஷயம் ஒரு பாடபேதப் பிரச்சினையாகத்தான் அறிமுகமானது.

நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் வந்து குடியேறியிருக்கிறார். சன்மார்க்கர். வடலூருக்கு மாதம் தவறாமல் போய்வருபவர். திருவருட்பாவின் வெவ்வேறு பதிப்புகளைச் சொல் சொல்லாக ஒப்பிட்டு, எங்கெங்கே பாடம் மாறுகிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அருட்பாவைப் பொறுத்தவரை இது வெறும் புலமை விளையாட்டு அல்ல. 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நூலை அச்சேற்றிய காலத்திலிருந்தே அதன் தகுதி குறித்த சண்டை தொடங்கிவிட்டது. அருட்பாவா மருட்பாவா என்ற அந்தச் சண்டையின் நடுவே 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை வழக்கு போயிற்று. (எங்கள் ஊரிலிருந்து கடலூர் போகும் பேருந்து மஞ்சக்குப்பத்தைத் தொட்டுத்தான் செல்கிறது.) பின்னர் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை மூலங்களைத் தேடி ஒப்புநோக்கி 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தார். 1972-இல் ஊரன் அடிகள் காலமுறையில் அடுக்கி வெளியிட்டார். ஏறத்தாழ ஆறாயிரம் பாடல்கள். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் கேட்க ஆளிருக்கும் நூல் இது.

பெரியவர் தொண்ணூறுகளிலேயே சி மொழி கற்றவர். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் நிரல் ஒன்றை அதில் எழுதிவைத்திருந்தார். பிறகு பைத்தான் பழகியதும், பழைய நிரலைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதைப் பைத்தானோடு இணைத்துவிட்டார். முழுவதையும் பைத்தானிலேயே எழுதியிருக்கலாம். ஆறாயிரம் பாடல்களுக்கு அந்த வேகமே அதிகம். ஆனால் முப்பது வருடம் கைக்குப் பழகிய கத்தியை விட்டுவிட்டு வேறு கத்தியால் காய் நறுக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

எழுத்தைப் பிரிப்பதற்கு நிரல் வேண்டுமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ப்பெயரையே எண்ணிப் பார்க்கலாம். மேல்பட்டாம்பாக்கம் என்பதில் தொல்காப்பியர் கணக்குப்படி பத்து எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் பதினெட்டு என்கிறது. யூனிகோடு, மெய்யையும் அதன் மேல் ஏறும் குறியையும் தனித்தனியாக எண்ணுவதே காரணம். யுடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பைச் சி மொழியின் கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வீதம் ஐம்பத்து நான்கு. ஒரே ஊருக்கு மூன்று நீளம். இதோடு முடிவதில்லை. 'பொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து மாற்றப்பட்ட மின்னூல்களில் இரண்டும் கலந்து கிடக்கும். 'கௌ' என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு, ககரம், பக்கத்தில் முழு ளகரம் என்று தட்டச்சு செய்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். ஆகவே ஒப்பிடும் முன் எல்லாச் சொற்களையும் ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பெரியவரின் நிரல் செய்தது இதைத்தான். நூலின் சொற்கள் அனைத்தும் ஒரு பைத்தான் பட்டியலில் இருக்கும். சி நிரல் அதில் ஒவ்வொரு சொல்லாக எடுக்கும், சீர்வடிவம் செய்யும், மாற்றம் இருந்தால் புதிய சொல்லை அதே இடத்தில் வைக்கும், எடுத்த பழைய சொல்லை வேறொரு பட்டியலில் பதிவு செய்யும். அந்த இரண்டாவது பட்டியல்தான் அவருக்கு வேண்டியது. எந்தச் சொல் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி.

பத்துச் சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதிச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பத்தும் சரி. எத்தனை முறை ஓட்டினாலும் சரி. பிறகு முழு நூலையும் கோப்பிலிருந்து ஏற்றி ஓட்டினார். நீண்ட பட்டியல் வந்தது. அதை அச்செடுத்து, தன் அச்சுப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். மூன்று வாரம். 'பொருள்' என்று இருக்கும் இடத்தில் மின்னூலில் 'கருணை' என்று இருந்ததாகப் பட்டியல் சொல்லும். அவருக்கு அது உடனே பொருந்திவிடும். ஏன் பொருந்தாது? பட்டியலில் வந்த அத்தனையும் அருட்பாவின் சொற்களே. வள்ளலார் அந்த இடத்தில் அப்படிப் பாடியிருக்க மாட்டார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில இடங்களில் அவர் விளக்கக் குறிப்பே எழுதிவிட்டார்.

கோப்பில் ஒரு பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டியபோது வேறு பட்டியல் வந்தது. வேறு பேதங்கள். அப்போதுதான் என்னிடம் வந்தார். "தம்பி, நூல் ரெண்டு தடவை ரெண்டு மாதிரி பேசாது. கணக்குதான் எங்கேயோ புரளுது. பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் முகத்தில் இருந்தது நிரல் ஓடாதவனின் சலிப்பு அல்ல. ஒரு மூலத்தின் மேல் பழி போட்டுவிட்டோமோ என்ற கலக்கம். அந்தக் குறிப்புகளின் நகலை வேறு இரண்டு சன்மார்க்க நண்பர்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தார்.

இனி கணக்குப்பிள்ளை. பைத்தானின் பட்டியலுக்குள் உண்மையில் சொற்கள் இருப்பதில்லை. சொற்கள் நினைவகத்தில் எங்கேயோ இருக்கின்றன. பட்டியலில் வரிசையாக இருப்பவை அவற்றின் முகவரிகள். ஒவ்வொரு பொருளின் தலையிலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். இந்தப் பொருளை எத்தனை பேர் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண். ஒரு பட்டியல் பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். பூஜ்யமானதும் அந்தப் பொருள் அழிக்கப்பட்டு இடம் அடுத்தவருக்குப் போகும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரை மொழிபெயர்ப்பதைவிடப் 'பற்று' என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கணக்கேடுகளில் பற்று வரவு எழுதியவர்களுக்கும் புரியும்; பற்றற்றால் விடுதலை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கும் புரியும். இந்த உத்தியை முதலில் எழுதியவர் ஜார்ஜ் காலின்ஸ், 1960-இல். அவர் அதை உருவாக்கியதும் பட்டியல்களுக்காகத்தான். பல பட்டியல்கள் ஒரே பகுதியைப் பகிர்ந்துகொள்ளும்போது எதை எப்போது அழிக்கலாம் என்ற கேள்விக்கு விடையாக.

பைத்தானில் எழுதும்போது இந்தக் கூட்டல் கழித்தலை மொழியே செய்துகொள்ளும். சி-யிலிருந்து தொடும்போது நாம் செய்ய வேண்டும். இங்கேதான் அந்த அடுக்களையின் விசித்திரமான சம்பிரதாயங்கள். பட்டியலின் ஓரிடத்தில் ஒரு பொருளை வைக்கும் செயற்கூறுக்கு பைலிஸ்ட்-செட்ஐட்டம் என்று பெயர். இதனிடம் கொடுத்தால் கொடுத்தவனின் பற்று பட்டியலுக்குப் போய்விடும். கிரயம் எழுதிக் கொடுத்த மாதிரி. ஆவணங்களில் இதைத் 'திருடுதல்' என்றே எழுதியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தே நடப்பதால் எனக்கு அது திருட்டாகத் தோன்றவில்லை. கடைசியில் சேர்க்கும் பைலிஸ்ட்-அப்பெண்ட் அப்படியல்ல. அது தனக்கென்று புதிதாக ஒரு பற்று எழுதிக்கொள்கிறது. கொடுத்தவனின் பற்று அப்படியே இருக்கிறது. கூட்டுப் பட்டா. நம் பங்கை நாமே விட்டுக்கொடுக்காவிட்டால் அந்தப் பொருள் யாருக்கும் பயனின்றி நிரல் முடியும்வரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது, பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும் பைலிஸ்ட்-கெட்ஐட்டம். இது தருவது இரவல். முகவரியைத் தரும், பற்று எழுதாது. பட்டியல் பிடித்திருக்கும்வரை நாம் பார்க்கலாம், படிக்கலாம். பட்டியல் விட்டுவிட்டால் நம் கையில் இருப்பது வெறும் முகவரி.

மூன்றும் ஒரே மொழியில், ஒரே கோப்பில், ஒரே மாதிரிப் பெயர்களுடன் இருக்கின்றன. திரும்பி வருவது இரவலா உரிமையா என்பது அந்த முகவரியைப் பார்த்தால் தெரியாது. சி மொழிக்கு எல்லாம் எண்தான். ஒப்பந்தம் ஆவணத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் பொருளில் இல்லை. புத்தக அலமாரி வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இரவல் வாங்கிய புத்தகத்துக்கும் சொந்தப் புத்தகத்துக்கும் அட்டையில் வித்தியாசம் இருப்பதில்லை.

பெரியவரின் நிரலில் நடந்ததை இப்போது மெதுவாகப் பார்க்கலாம். பழைய சொல்லைப் பட்டியலிலிருந்து எடுக்கிறது: இரவல். சீர்வடிவத்தை அதே இடத்தில் வைக்கிறது. அந்தக் கணத்தில் பட்டியல் பழைய சொல்லின் மேல் இருந்த தன் பற்றை விடுகிறது. வேறு யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. எண் பூஜ்யம். சொல் அழிந்தது, இடம் காலி. அடுத்த வரியில், அழிந்துபோன அந்தச் சொல்லின் முகவரியை நிரல் இரண்டாவது பட்டியலில் சாட்சியாகச் சேர்க்கிறது. பைத்தானின் நினைவகப் பங்கீடு சிறிய இடங்களை வீணாக்காது. ஏறக்குறைய அதே அளவுள்ள அடுத்த சொல் பிறக்கும்போது அதைக் காலியான இடத்தில் குடியேற்றிவிடும். ஆகவே பட்டியலைத் திறந்து பார்க்கும்போது பழைய முகவரியில் புதிய ஆள். 'பொருள்' இருந்த மனையில் 'கருணை'.

நெய்வேலிப் பக்கத்தில் இதற்கு ஓர் உருவகம் தேட வேண்டியதில்லை. 1956-இல் நிறுவனம் தொடங்கிய காலத்தை ஒட்டி எடுக்கப்பட்ட ஊர்களின் முதியவர்கள் தங்கள் நிலத்தின் சர்வே எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள். எண் சரியாகவே இருக்கும். அந்த எண்ணைத் தேடிக்கொண்டு போனால் இருப்பது கிணறும் புளியமரமும் அல்ல. பழுப்பு நிலக்கரி வெட்டிய பள்ளமோ, அதை மூடிய மண்மேடோ.

சரி, பத்துச் சொல் சோதனை ஏன் எல்லா முறையும் தேறியது? எனக்கு இதுதான் மிகவும் சுவாரசியமான இடம். நிரலுக்குள்ளேயே மேற்கோள்குறியிட்டு எழுதிய சொற்களை அந்த நிரலும் பற்றிக்கொண்டிருக்கும். அதன் மாறிலிகளின் வரிசையில் அவை இருக்கும். பட்டியல் விட்டாலும் இன்னொரு பற்று பாக்கி இருக்கும். சொல் சாகாது. கோப்பிலிருந்து படித்துப் பிரித்த சொற்களுக்கு அந்த ஆதரவு கிடையாது. பட்டியலைத் தவிர அவற்றுக்கு நாதியில்லை. சோதனைச் சாலையில் எல்லோரும் உறவினர்கள், வெளியே எல்லோரும் அநாதைகள். நிரல் இரண்டு இடத்திலும் ஒரே தவறைத்தான் செய்தது.

இது பெரியவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பைத்தானின் அதிகாரபூர்வக் கையேட்டிலேயே இதற்கு நெருங்கிய ஒரு கதை இருக்கிறது. பட்டியலின் முதல் உறுப்பை இரவல் எடுத்துவிட்டு, இரண்டாவது இடத்தில் பூஜ்யத்தை வைக்கிறது ஒரு நிரல். முதல் உறுப்புக்கு என்ன ஆபத்து என்று தோன்றும். ஆனால் இரண்டாவது இடத்தில் முன்பு இருந்த பொருள் அழியும்போது, அது தன் இறுதிச் சடங்காகப் பைத்தானில் எழுதிய எதையும் செய்யலாம். அதே பட்டியலின் முதல் உறுப்பை நீக்குவது உட்பட. இது கற்பனை அல்ல, பைத்தானின் பழைய பதிப்பிலேயே இவ்வகைப் பிழை இருந்து ஒருவர் வெகுநேரம் தேடினார் என்று கையேடு சொல்கிறது. தங்கள் வீட்டுக் கதையைத் தாங்களே எழுதிவைத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்டுபிடித்தது பெரிய சாகசம் ஒன்றுமில்லை. ஒரு பொருளின் பற்று எத்தனை என்று கேட்க பைத்தானிலேயே ஒரு செயற்கூறு உண்டு. (அது சொல்லும் எண் பொதுவாக ஒன்று கூடுதலாக இருக்கும், கேட்பதற்காகப் பிடித்தவனையும் அது எண்ணிவிடும்.) கோப்புச் சொற்களையும் மேற்கோள் சொற்களையும் வைத்துக் கேட்டதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. 3.6 பதிப்பு முதல் பைதான்மேலாக் என்ற சூழல் மாறியில் டிபக் என்று குறித்து ஓட்டினால், விடுவிக்கப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் பைத்தான் ஓர் அடையாள எண்ணால் நிரப்பிவிடும். காலி மனையில் வேலி போட்டதுபோல. அப்படி ஓட்டியபோது பெரியவரின் நிரல் பொய் சொல்லாமல் நேராக விழுந்து உடைந்தது. அவருக்கு அது ஆறுதலாக இருந்தது என்றால் நம்புவீர்களா? "இப்பத்தான் உண்மையைச் சொல்லுது" என்றார்.

திருத்தம் இரண்டு வரி. எடுத்தவுடன் நமக்கென ஒரு பற்று எழுதிக்கொள்வது, வேலை முடிந்ததும் அதை விடுவது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் முதல் வரிக்கும் அவசியமில்லை; பைலிஸ்ட்-கெட்ஐட்டம்ரெஃப் என்ற புதிய செயற்கூறு இரவலுக்குப் பதில் உரிமையையே தருகிறது. அதைச் சேர்த்ததற்குக் காரணம் பெரியவர்களின் பாடபேதங்கள் அல்ல. அதுவரை பைத்தானில் ஒரே பூட்டு; எத்தனை இழைகள் ஓடினாலும் சாவி ஒருவரிடம்தான். சாம் கிராஸ் முன்வைத்து 2023-இல் ஏற்கப்பட்ட திட்டப்படி அந்தப் பூட்டில்லாத பதிப்பும் 3.13-இல் சோதனை முயற்சியாக வந்தது. பூட்டு போய்விட்டால், நான் இரவல் வாங்குவதற்கும் பற்று எழுதுவதற்கும் இடையிலுள்ள இமைப்பொழுதில் இன்னொருவர் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். முப்பது வருடம் கனவான் ஒப்பந்தமாக நடந்த இரவல் பழக்கம், கூட்டம் கூடியதும் செல்லாததாகிவிட்டது.

மற்ற மொழிகள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன என்றும் பார்த்தேன். லுவா தன் பொருள்களைச் சி-யின் கையில் கொடுப்பதே இல்லை. அடுக்கு ஒன்றில் எத்தனாவது இடம் என்று மட்டும் சொல்லும். பார்த்துவிட்டுப் போ என்பதுபோல. பெர்ல் மொழியில் சில பொருள்களை 'மரணமுள்ளவை' என்று குறித்துவைப்பார்கள். சிறிது நேரத்தில் தாமாகவே பற்று ஒன்று குறைந்துவிடும். பைத்தானோ 3.12-இல் சில பொருள்களை 'மரணமற்றவை' என்று அறிவித்துவிட்டது. அவற்றின் பற்றுக் கணக்கை யாரும் தொடுவதில்லை. இலக்கணம் எழுதியவர்களிடம் இவ்வளவு தத்துவம் இருக்கும்போது நிரல் எழுதியவர்களிடம் இருப்பதில் வியப்பில்லை.

சீர்செய்த நிரல் தந்த பட்டியல் முதலில் வந்ததில் பாதிகூட இல்லை. பெரும்பாலும் கொம்பும் காலும் பிரிந்த இடங்கள், ஔகாரக் குழப்பங்கள். பதிப்புகளுக்கு இடையே உண்மையில் பாடம் மாறும் இடங்கள் இனிமேல்தான் தொடங்க வேண்டும். நகல் அனுப்பிய இரண்டு நண்பர்களுக்கும் பெரியவர் கடிதம் எழுதினார்; ஒருவர் பதில் போட்டார். இன்னொருவர் அந்தக் குறிப்புகளில் ஒன்றை ஒரு கூட்டத்தில் பேசிவிட்டதாகக் கேள்வி. சொல் வெளியே போய்விட்டது. அதை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும் செயற்கூறு எதுவும் இல்லை.

பெரியவர் பென்சில் குறிகளை அழித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் அச்சுப் பதிப்பில் பார்த்து உறுதி செய்துவிட்டுத்தான் ரப்பரை எடுக்கிறார். நேற்று மூன்றாம் திருமுறை முடிந்தது. ஓரிடத்தில் மட்டும் நிரல் தவறாகக் கொடுத்த சொல்லையே ஓரத்தில் விட்டுவைத்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். எந்தப் பதிப்பிலும் அப்படி இல்லையே ஐயா என்றேன். "இல்லதான் தம்பி. ஆனா நல்லா இருக்கு" என்றார்.